கோட்டையைத் தரையிலாவது வரைந்து வையுங்கள்

கடலூர் மக்களுக்குத் திருவண்ணாமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கடலூர்ப் பெருமக்களே, தேவனாம்பட்டினத்துக் கடலோடிகளே, கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே ஊர் கட்டி வாழ்கிறவர்களே,

உங்கள் ஊரில் ஒரு கோட்டை இருந்தது. சாதாரணக் கோட்டை அல்ல. சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746 முதல் 1752 வரை, தென்னிந்தியாவில் இங்கிலீஷ் கம்பெனிக்குத் தலைமையிடம் உங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான். இது உங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. வெள்ளிக் கடற்கரைக்கு வெளியூரிலிருந்து வரும் ஒருவர், "அந்தக் கோட்டை எங்கே இருந்தது? எதுவரை இருந்தது?" என்று கேட்டால் உங்கள் பிள்ளையால் கையை நீட்டிக் காட்ட முடியுமா? ஆற்றோரத்தில் பராமரிப்பில்லாத இடிபாடுகளைக் காட்டுவார்கள். கோட்டையின் வடக்கு மதில் எங்கே ஓடியது, வாசல் எந்தத் திசையைப் பார்த்தது, ஆறு அதை எங்கே சுற்றிப் போனது என்பதற்கு அங்கே ஓர் அடையாளமும் சொல்லித் தராது.

இதைக் கேட்க திருவண்ணாமலைக்காரனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் நினைக்கலாம். ஓரளவு உரிமை உண்டு என்றே நம்புகிறேன். 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரைப் புரட்டினால் எங்கள் தாலுக்காவும் உங்கள் தாலுக்காவும் ஒரே அட்டைக்குள் இருக்கும். எங்கள் பாட்டன்மார் நிலத்தகராறுக்கும் கலெக்டர் மனுவுக்கும் உங்கள் மஞ்சக்குப்பத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. மாவட்டக் கோடுகள் மாறின. ஆறு மாறவில்லை. கர்நாடகத்து நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை எங்கள் சாத்தனூரில் அணையில் தேங்கி, மணலூர்பேட்டை, திருக்கோவலூர் தாண்டி உங்களிடம் வந்துதான் கடலைப் பார்க்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்பேட்டை ஆற்றில் தீர்த்தவாரி காணும்போது நீங்களும் உங்கள் ஊர்ச் சாமிகளைத் தூக்கிக்கொண்டு அதே ஆற்றில் இறங்குகிறீர்கள். நாங்கள் தலைமடை, நீங்கள் கடைமடை.

கடைமடைக்காரர் படும் பாடு எங்களுக்குத் தெரியாதது அல்ல. 2024 டிசம்பர் முதல் வாரத்தை இரண்டு ஊரும் மறக்கப் போவதில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களை மண் மூடிக்கொண்டது. அதையடுத்த இரவில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் ஆற்றில் இறங்கியது. நாங்கள் இங்கே பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தத் தண்ணீர் உங்கள் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதற்கு யார் பொறுப்பு என்ற வழக்கை இந்த மடலில் எடுக்கவில்லை. ஒரே ஆற்றின் மண்ணில் இருப்பவர்கள் ஒருவர் ஊரைப் பற்றி மற்றவர் பேசலாம் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோட்டையின் கதையில் என் தூக்கத்தைக் கெடுத்தது கிளைவ் அல்ல, டூப்ளே அல்ல. 1690இல் சுடப்பட்ட ஒரு பீரங்கி.

தேவனாம்பட்டினத்தில் முதலில் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதை எழுப்பியவர் உள்ளூர்ச் செட்டியார் ஒருவர் என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபின் இந்தக் கடற்கரை மராட்டியர் கைக்கு வந்தது. 1690இல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்து தங்கியிருந்தார். முகலாயப் படை செஞ்சியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கம்பெனிக்குக் கடற்கரையில் சென்னைக்குத் தெற்கே இன்னொரு காலடி தேவைப்பட்டது. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் அதே இடத்தின்மேல் கண் வைத்திருந்தார்கள். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியது, தெரியும் அல்லவா, அவரேதான். பேரம் அவருக்குப் படிந்தது.

அந்த விற்பனையில் கோட்டை மட்டும் போகவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் கம்பெனிக்கு என்பது உடன்படிக்கை. சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது மருந்து கெட்டிக்கிறவனின் கைத்திறமையில் இருக்கிறது என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார்கள். அதாவது, கெட்டிக்காரனாகப் பார்த்துச் சுடச் சொன்னார்கள். பீரங்கி திசைதிசையாகச் சுடப்பட்டது. கடலூர்ப் பட்டணமும் சுற்றுப்பட்ட ஊர்களும் அந்த வீச்சுக்குள் விழுந்தன. அன்றிலிருந்து அவை குண்டு கிராமங்கள் ஆயின.

நிலத்தை விற்ற கதை நம் நாட்டில் ஆயிரம் உண்டு. தானமாகக் கொடுத்ததும் உண்டு, சீதனமாகக் கொடுத்ததும் உண்டு. குண்டு விழுந்த தூரத்தை அளவுகோலாக வைத்து ஊர்களைக் கொடுத்தது அபூர்வம். கொடுத்தவர் செஞ்சியில் இருந்தார். வாங்கியவர் சென்னையில் இருந்தார். தலைக்குமேல் குண்டு பறந்தது உங்கள் முன்னோருக்கு. உப்பளத்தில் வேலை செய்தவரையும், தறியில் உட்கார்ந்தவரையும், வலையை உலர்த்திக்கொண்டிருந்தவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் ஒரு ராஜாவுக்கு வரி கட்டியவர்கள் மாலையில் ஒரு வியாபாரக் கம்பெனியின் குடிகள் ஆனார்கள்.

இது நடந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. குண்டுஉப்பலவாடி என்று இன்றும் ஊர்ப் பெயர் சொல்கிறீர்கள், குண்டுசாலை என்று சொல்கிறீர்கள். ஆனால் குண்டு எதுவரை விழுந்தது, எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்பதை எந்த ஊர் எல்லையிலும் ஒரு கல் சொல்லவில்லை. இந்தக் குறையைத்தான் உங்களிடம் முறையிட வந்திருக்கிறேன்.

"வெள்ளைக்காரன் கோட்டைக்கு நாம் ஏன் அழ வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதற்காக அழவில்லை. அந்தக் கோட்டையிலிருந்துதான் கிளைவ் எழுந்தார். சென்னை விழுந்தபோது நம்மூர் ஆள் போல வேடமிட்டுத் தப்பி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த அந்தக் கணக்குப்பிள்ளைப் பையன், உங்கள் கோட்டையில்தான் துப்பாக்கி பிடித்து அதிகாரியானான். 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து கம்பெனியின் படையைப் படையாகத் திரட்டியதும் உங்கள் கோட்டையில்தான். 1756இல் அதே கிளைவ் கோட்டைக்கு ஆளுநராகத் திரும்பி வந்தார். சில மாதங்களிலேயே வங்காளத்துக்குக் கப்பலேறினார். அடுத்த வருஷம் பிளாசி. நாடு அடிமையான கதையின் முன்கதை உங்கள் ஆற்றோரத்தில் நடந்தது. அடிமையான கதையைச் சொல்ல நமக்கு வெட்கம் இருக்கலாம். ஆனால் மறைக்கிற கதை நமக்கு உதவாது, மறைத்தவனுக்கே உதவும்.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் நடப்போகும் கல்லில் கிளைவ் பெயர் முதலில் வர வேண்டாம். யேல் பெயரும் முதலில் வர வேண்டாம். எந்த ஊர், அந்த ஊரில் அப்போது என்ன தொழில், அது எந்த வருஷம் யாரால் யாருக்கு எப்படிக் கைமாறியது என்பது முதலில் வரட்டும். கம்பெனி இங்கே வந்ததே துணிக்காகத்தான். நெய்தவர், வெளுத்தவர், சாயம் தோய்த்தவர், மூட்டை சுமந்தவர், அலை தாண்டிக் கப்பலுக்குப் படகு விட்டவர் இல்லாமல் அந்தக் கோட்டை ஒரு வருஷம் நின்றிருக்காது. மதிலுக்குச் செங்கல் அறுத்ததும் சுண்ணாம்பு இடித்ததும் லண்டன்காரர்கள் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது. "அங்கே பார்க்க என்ன மிச்சம்? எதை வைத்துக் காட்டுவது?" 1758 ஜூன் 2ஆம் தேதி கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் சரணடைந்தது. அவர் அதைத் தரைமட்டமாக்கினார். 1761இல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்ததும், தேவனாம்பட்டினத்துக்குப் பழி என்று சொல்லி அதன் மதில்களையும் மாளிகைகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1783இல் உங்கள் கடலூரைச் சுற்றி மறுபடியும் பெரிய சண்டை. கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரானின் கப்பல்கள், கரையில் இங்கிலீஷ் தளபதி ஸ்டுவர்ட்டின் படை. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்ததால் நின்றது. இத்தனைக்கும் பிறகு நிற்கும் சுவர் அதிகம் இருக்காதுதான். எனக்கும் அதில் மாயை இல்லை.

ஆனால், சுவர் இல்லாமல் ஓர் இடத்தை நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாத ஊரா உங்களுடையது? திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள், அவர் மிதந்து வந்து கரையேறினார் என்பது ஏழாம் நூற்றாண்டுச் செய்தி. அதற்குக் கட்டடச் சான்று ஏது? ஆனாலும் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரையே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்பர் கரையேறியதற்கு விழா எடுக்கிறீர்கள். பாடலீசுவரர் சந்நிதியில் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். பதின்மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய கரையைக் காட்டத் தெரிந்த உங்களுக்கு, மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய மதிலைக் காட்ட முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

கோட்டைக்குச் சான்று குறைவும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் அதற்காக மோதிக்கொண்டதால் இருவருமே அதை வரைபடமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். எதிரியின் கோட்டையைப் போலத் துல்லியமாக யாரும் வரைவதில்லை. புனித டேவிட் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் சென்னை ஆவணக் காப்பகத்தால் அச்சிட்டு வெளியிடப்பட்டிருக்கின்றன. எழும்பூரில் போய்ப் பார்க்கலாம். தமிழிலேயே வேண்டும் என்றால் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கூடலூர், தேவனாம்பட்டணம் சேதிகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்தக் கப்பல் வந்தது, யார் எந்தப் பக்கம் சாய்ந்தார், எந்தப் படை எந்த ஆற்றைத் தாண்டியது என்று ஊர்வம்பின் சுவையோடு எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்புக்காரரின் குறிப்புதான், ஆனால் நம் மொழியில், நம் ஆளின் கண்ணால் பார்த்த குறிப்பு. இவ்வளவு ஏடு கிடைத்த கோட்டை தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

இந்த இடத்தில் ஜப்பானிலிருந்து ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். ஹாகி என்று பெயர். அதுவும் கடற்கரைக் கோட்டை நகரம்தான். இரண்டு ஆற்றுக் கிளைகளுக்கு நடுவே, உங்களைப் போலவே ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. 1600இல் செகிகஹாரா போரில் தோற்ற பக்கத்தில் இருந்த மோரி என்ற குறுநிலத் தலைவர், பெரிய நாட்டை இழந்து ஒதுக்குப்புறக் கடற்கரைக்குத் தள்ளப்பட்டு, 1604இல் அங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அது அந்த வம்சத்தின் தலைநகர். மெய்ஜி அரசு வந்ததும் நாடெங்கும் பழைய கோட்டைகளைக் கலைக்கச் சொன்னது. 1874இல் ஹாகியின் கோபுர மாளிகையைப் பிரித்துப் போட்டார்கள். கல் அடித்தளமும் அகழியின் ஒரு பகுதியும் மட்டும் நின்றன.

ஹாகிக்காரர்கள் அதன்மேல் புதிதாக எதையும் கட்டவில்லை. ஆனால் தெருக்களைக் கலைக்காமல் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் அந்த ஊரில் வழி தவறாமல் நடக்கலாம் என்பதுதான் அவர்கள் பெருமை. அவர்களுடைய பள்ளிப் பிள்ளைக்கு, தான் நிற்கும் மூலையில் முந்நூறு வருஷத்துக்கு முன் யார் வீடு இருந்தது என்று தெரியும். அந்தக் கோட்டை நகரம் 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. இதே ஜப்பானில் ஒடவாரா என்ற இன்னொரு கடற்கரை நகரம், தன் கோட்டை மாளிகையை 1960இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிக்கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம் என்பேன். கான்கிரீட் கோட்டை கட்டினால் ஒப்பந்தக்காரர் வாழ்வார், வாசலில் செல்ஃபி எடுப்பார்கள், கதை போய்விடும். உங்களுக்குப் பொருத்தம் ஹாகியின் வழி.

அடுத்த அச்சம் நியாயமானது, அதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் இந்த மடலைப் படித்தால், "கோட்டை, பாரம்பரியம் என்று ஆரம்பித்து எங்களை இந்த இடத்தைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறார்களா?" என்றுதான் முதலில் நினைப்பார். அப்படி நினைக்கக் காரணம் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால், 2010 சட்டத் திருத்தப்படி சுற்றி நூறு மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு மேல் இருநூறு மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஓட்டை மாற்றிக் கூரை போடவும் அனுமதிச் சீட்டு தேடி அலைய வேண்டியிருக்கும். சுனாமியும் தானே புயலும் பார்த்த கடற்கரையில், ஏற்கெனவே ஆயிரம் விதிகளுக்கு நடுவே வாழ்கிறவர் தலையில் இன்னொரு விதியை ஏற்றுவது கொடுமை.

இந்த அச்சம் எங்களுக்கும் புதிது அல்ல. 2002இல் எங்கள் அருணாசலேசுவரர் கோயிலை அதே துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோது திருவண்ணாமலை கொந்தளித்தது. சாமி கும்பிடுகிற இடத்தை மியூசியம் ஆக்குவதா என்று தெருவில் இறங்கினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எங்கள் கோயிலும் ஒரு காலத்தில் கோட்டைதான், தெரியுமா? கர்நாடகப் போர்களின் காலத்தில் அதன் மதில்களுக்குள் படைகள் தங்கின. 1753க்கும் 1790க்கும் இடையில் அதைப் பல முறை முற்றுகையிட்டார்கள், பிடித்தார்கள், இழந்தார்கள். 1767இல் ஹைதரும் நிஜாமும் ஒரு பக்கம், ஜோசப் ஸ்மித் ஒரு பக்கம் என்று எங்கள் ஊரில் பெரிய போரே நடந்தது. சாமி இருந்ததால் எங்கள் கோட்டை பிழைத்தது. கும்பிட ஆள் வந்துகொண்டே இருந்ததால் மதிலை யாரும் மறக்கவில்லை. உங்கள் கோட்டைக்குள் தினமும் விளக்கேற்ற ஒரு சந்நிதி இல்லாமல் போயிற்று. அதன் குற்றம் உங்களுடையது அல்ல.

ஆகவே தொல்லியல் துறையைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரையும் கிளப்ப வேண்டாம். யாருடைய பட்டா நிலத்திலும் கால் வைக்க வேண்டாம். அறிவிப்பாணை இல்லாமல், வேலி இல்லாமல், டிக்கெட் இல்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்றைத்தான் கேட்கிறேன். பழைய வரைபடத்தை இன்றைய நில அளவை வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்து, கோட்டையின் சுற்றுக்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். சாலை, ஆற்றங்கரை, புறம்போக்கு, பள்ளி வளாகம் என்று பொது இடமாக எங்கெல்லாம் அந்தக் கோடு வருகிறதோ, அங்கெல்லாம் தரைமட்டத்தில் ஒரு வரிசைக் கருங்கல் பதிக்க வேண்டும். காலில் இடறாத, வண்டி ஏறிப் போகக்கூடிய, மழை அரிக்காத கல். இடையில் வீடு வந்தால் கோடு அங்கே நின்று, வீட்டுக்கு அந்தப் பக்கம் தொடரட்டும். நடக்கிறவர் அறிந்துகொள்வார்.

இரண்டாவது, குண்டு கிராமங்கள். ஊருக்கு ஒரு கல். பஞ்சாயத்து அலுவலக வாசலிலோ, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலோ, எல்லையில் பேருந்து நிற்கும் இடத்திலோ. நல்ல தமிழில் ஐந்தாறு வரி போதும். எந்தெந்த ஊர் என்ற பட்டியலை ஏடுகளைப் பார்த்து வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் உறுதி செய்யட்டும். சந்தேகமுள்ள ஊரை விட்டுவிடலாம். கல்லில் ஒரு பொய் ஏறிவிட்டால் அதை இறக்க இன்னும் முந்நூறு வருஷம் ஆகும்.

உங்கள் ஊரில் எரியும் பிரச்சினைகள் வேறு இருக்கின்றன என்பதை அறியாமல் பேசவில்லை. சிப்காட் காற்றை முகர்ந்துகொண்டு வாழ்கிறவர்களிடம், புயல் தேதிகளைப் பிறந்தநாள் போல மனத்தில் வைத்திருப்பவர்களிடம், "கல் நடுங்கள்" என்று கேட்பது கொழுப்பாகத் தோன்றலாம். ஆனால் இதையும் யோசியுங்கள். பழைய கோட்டை வரைபடங்களில் மதிலைவிடக் கவனமாக வரையப்பட்டிருப்பது தண்ணீர். ஆறு எங்கே பிரிகிறது, உப்பங்கழி எங்கே உள்ளே வருகிறது, எந்தத் திட்டு மேடு, எந்த இடம் சதுப்பு என்பதெல்லாம் முற்றுகை போடுகிறவனுக்கு உயிர்ப் பிரச்சினை. அதனால் அவன் அதைப் பிசகாமல் குறித்தான். அதே விவரம் இன்று வெள்ளத்தில் வீடு இழக்கிற உங்களுக்கும் உயிர்ப் பிரச்சினை. தண்ணீரின் பழைய பாதை தரையில் எழுதப்பட்டிருக்கும் ஊரில், அந்தப் பாதையை அடைத்து மனை போட வருகிறவனிடம் பள்ளிப் பிள்ளைகூட ஒரு கேள்வி கேட்கும். எங்கள் மலையடிவாரத்திலும் பழைய ஓடைகளை யாராவது இப்படிக் குறித்து வைத்திருக்கலாமே என்ற ஏக்கம் 2024க்குப் பிறகு எங்களுக்கு இருக்கிறது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலூர் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று நடைபாதையும் விளக்கும் போடாத கடலோர மாநகராட்சி இன்று தமிழ்நாட்டில் அரிது. அந்த நடைபாதைக் கல்லில் ஒரு வரிசையைக் கோட்டைக் கோட்டில் பதியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோளின் பெரும்பகுதி. பணத்தைவிட இதற்கு வேண்டியது வரைபடம் படிக்கத் தெரிந்த நாலு பேர், நில அளவைக்காரர் ஒருவர், ஊர்ப் பெரியவர்களின் சம்மதம். சம்மதம் முக்கியம். தேவனாம்பட்டினத்து ஊர்க்கூட்டம் ஒப்புக்கொள்ளாமல் ஒரு கல்கூடப் போடாதீர்கள். 1690இல் கேட்காமல் செய்ததை இப்போது கேட்டுச் செய்ய வேண்டும். கதையே அதுதானே.

வேலை நடக்கும்போது பிள்ளைகளை ஒதுக்கி வைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வரைபடத்தின் நகலைக் கையில் கொடுத்து, மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலத்துக் கரையோடு தேவனாம்பட்டினம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். கலெக்டர்கள் குடியிருந்த கார்டன் ஹவுஸ் வழியில் இருக்கிறது. பழைய வரைபடத்தில் இருக்கும் ஆற்றையும் இன்று கண்ணுக்குத் தெரியும் ஆற்றையும் அவர்களே ஒப்பிடட்டும். எங்கே ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் கண்டுபிடிப்பார்கள், பெரியவர்களைவிட வேகமாக. அவர்களோடு ஊரின் முதிய கடலோடி ஒருவரும் நடந்தால், கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதை அவர் எந்த வரைபடமும் இல்லாமல் சொல்லிவிடுவார்.

தை ஐந்தில் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூடுகிறீர்கள். அது முடிந்து ஒரு வாரத்தில் ஜனவரி 26, கிராம சபை கூடும் நாள். மாநகராட்சிக்கு உட்பட்ட வார்டுகளில் பகுதி சபை இருக்கிறது, பஞ்சாயத்தாக உள்ள ஊர்களில் கிராம சபை இருக்கிறது. இரண்டிலும் ஒரே தீர்மானத்தை வையுங்கள். நீளமாக எழுத வேண்டாம். "1690இல் எங்கள் முன்னோரைக் கேட்காமல் பீரங்கிக் குண்டின் தூரத்தால் கைமாற்றப்பட்ட எங்கள் ஊரின் எல்லையில், அந்தச் செய்தியைத் தமிழில் பொறித்த கல் ஒன்றை எங்கள் சம்மதத்தோடு நட வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் சுற்றுக்கோட்டைப் பொது இடங்களில் தரையில் பதிக்க வேண்டும். இதன் பெயரால் எந்த வீடும் அகற்றப்படக் கூடாது." இவ்வளவு போதும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கி, நகலை மாநகராட்சி ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆற்றின் தலைமடைக்காரன்,
திருவண்ணாமலை